தீர்மானம் எண் எட்டு

மஞ்சள் பட்டாணி சஸ்காச்சுவானிலிருந்து வருகிறது.
தூத்துக்குடியில் இறங்கி
ஒட்டன்சத்திரம், தாராபுரம் தாண்டி
காங்கேயம் ரோட்டில் எங்கள் மில் வாசலில் நிற்கும்.
கணக்கு என்னுடையது:
ஈரம் எவ்வளவு, உடைசல் எவ்வளவு,
பட்டாணி விலைக்கு நாங்கள் வாங்கிய
அந்த ஊர் மண் எவ்வளவு.

அங்கே பேப்பர் அனுப்புகிறவள் டோரீன் வசில்கிவ்.
அவளுக்கு விடியும்போது எனக்குப் பொழுது விழுந்திருக்கும்.
நாலு நாள் தானியக் கிடங்கில் எடை எழுதுவாள்,
வெள்ளிக்கிழமை ஊராட்சிக் கணக்கு எழுதுவாள்.
நானும் நாலாவது வார்டு மெம்பர்தான் என்று
ஒரு மெயிலின் கடைசியில் வாய்விட்டுவிட்டேன்.
அன்றிலிருந்து சரக்குச் சீட்டுக்குக் கீழே
இரண்டு வரி ஊர்ச் சேதி.

"இப்போது நாற்பத்தொரு பேர் இருக்கிறோம்.
ஒரு மேயர், இரண்டு மெம்பர். ஒருவர் என் வீட்டுக்காரர்.
பனி தள்ளும் வண்டிக்கு பெல்ட் அறுந்துவிட்டது,
புதிது வாங்க வரிப்பணம் பற்றவில்லை.
நேற்று ஓட்டெடுத்து ஊரைக் கலைத்துவிட்டோம்.
இனிமேல் வட்டாரத்தோடு சேர்த்தி.
வட்டாரத்துக்கு ஒரு எண் இருக்கிறது."

சீட்டுக்கட்டைக் கலைப்பார்கள்,
குளவிக்கூட்டைக் கலைப்பார்கள்.
ஊரையுமா?

அந்த வாரம்தான் எங்களுக்கும் கிராம சபை.
ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கிறார்களாம்.
தீர்மானம் எண் ஏழு: ஒருமனதாக எதிர்க்கிறோம்.
ரைஸ்மில் குழந்தைசாமி எழுந்து மைக்கைப் பிடித்தார்.
"காங்கேய நாடுங்க இது.
கொங்கு இருபத்துநாலு நாட்டுல ஒண்ணுங்க.
கல்வெட்டுல இருக்கற பேரைக் கொண்டுபோயி
வார்டு நம்பராக்கிப் போடுவாங்களாமா?"
கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.
நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறும்.
தட்டாமல் என்ன செய்ய?

ஆனால் வீடு திரும்பும்போது எண்ணிப் பார்த்தேன்.
இருபத்துநாலில் எந்த நாடு
எங்கள் தெருவை எண்ணியது?
வாக்காளர் பட்டியலில் 'காலனி'.
தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் வாயில் 'கடைசி வால்வு'.
குழந்தைசாமி வீட்டிலிருந்து இரண்டு பர்லாங்.
அஞ்சு வருசத்துக்கு ஒருதரம் வருவார்,
தண்ணி குடிக்கமாட்டார்.

டோரீனிடம் கேட்டேன்:
உங்கள் ஊருக்கு முன்னால் அங்கே என்ன ஊர்?
மூன்று நாள் பதில் இல்லை. பிறகு,
"என் பாட்டனார் உக்ரைனிலிருந்து வந்தபோதே
நிலத்தைக் கட்டம் கட்டமாக அளந்து
எண் போட்டு வைத்திருந்தார்கள்.
அதற்கு முன் அங்கே இருந்த க்ரீ ஜனங்கள்
என்ன பெயர் வைத்திருந்தார்களோ, தெரியாது.
சஸ்காச்சுவான் என்பதே அவர்கள் வார்த்தைதான்.
வேகமாக ஓடும் ஆறு.
அவர்களுக்கு ஒதுக்கிய இடம் நாற்பது கிலோமீட்டர்.
போனதில்லை.
நீ கேட்ட பிறகுதான் தூரத்தைப் பார்த்தேன்."

அடுத்த கூட்டத்தில் நான் எழுந்தேன்.
தீர்மானம் எண் எட்டு:
ஆறுதொட்டி காலனி என்று எழுதியிருப்பதை அடித்து
பூளைமேட்டு வளவு என்று எழுதவும்.
நாங்கள் கூப்பிடும் பேர் அதுதான்.
செயலாளர் சிரித்தார்.
"ஊராட்சியே போகப் போகுது,
இப்ப எதுக்குங்க மெம்பரம்மா அதெல்லாம்?"
போறதுக்கு முன்னாடி எழுதுங்க என்றேன்.
எழுதினார். பூளையில் 'ழை' போட்டார்.
திருத்த வைத்தேன்.

டோரீன் ஊரின் முத்திரையை
சமையலறையில், ஸ்பூன் இருக்கும் டிராயரில்
போட்டு வைத்திருக்கிறாளாம்.
யாரும் திருப்பிக் கேட்கவில்லையாம்.

இன்று லோடு வந்தது.
பேப்பரில் ஈரம் பன்னிரண்டு.
மிஷினில் பதினாலு புள்ளி இரண்டு.
அவளுக்கு எழுத வேண்டும்,
முதலில் அதை.