இரும்புப் பட்டை

மூன்று இலையுதிர்காலமாய்
அந்த இடுக்கில் நுரை அடைத்தான் லைல்.
முதலில் ஒரு நாணயம் நுழைந்தது,
அடுத்து என் விரல்,
இந்த மார்ச்சில் ஒரு வௌவால்.

ஹால்வர்சன் தூக்குக்குண்டை இறக்கிப் பார்த்தார்.
சுப்பீரியர் ஏரிக்காற்றில் அது நிற்கவே நேரமாயிற்று.
“வீட்டுக்கு ஒரு அஸ்திவாரம்,
புகைபோக்கிக்குத் தனியாக ஒன்று.
அதுதான் களிமண்ணில் அமிழ்கிறது.”

பிறகு பரணில் டார்ச் அடித்தார்:
புகைபோக்கியை உத்தரத்தோடு சேர்த்து
லைல் முறுக்கியிருந்த இரும்புப் பட்டை.
“இது தாங்கவில்லை.
சுவரையும் கூடவே இழுக்கிறது.”

லைல் கையுறையைக் கழற்றினான்,
மறுபடி மாட்டிக்கொண்டான்.

ரம்பத்தில்தான் தொடங்கியது பழுதுபார்ப்பு.
பட்டை அறுந்ததும் வீடு
ஒருமுறை இருமியது.

அப்புறம் மண்ணுக்குள் திருகுத்தூண்கள், ஜாக்கி,
நான்கு நாள் சேறு.
முழுக்க மூடவில்லை அவர்;
அசைய இடம் வேண்டுமாம்.

விரலை வைத்துப் பார்த்தேன்,
நுழையவில்லை.
நாணயம் நுழைகிறது.