இருபத்து மூன்றாவது வெட்டு

சேமியா நறுக்கு மாதிரி
மெழுகுக்குள் கிடக்கிறது சதை.
ஊசி கிள்ளி வந்தது ஒன்றரை சென்டிமீட்டர்.
சீட்டில்: மைமூனா, பதினேழு, பேரணாம்பட்டு.
விடிந்தால் முகவீக்கம்.
சிறுநீரில் நுரை, மூன்று வாரமாக.

நுரையைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.
மால்டாவிலிருந்து இரண்டு இரவு ரயிலில் வந்து
காட்பாடியில் இறங்கியவருக்கும்
சத்துவாச்சாரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தவருக்கும்
பாட்டிலில் அதே நுரை,
கணுக்காலை அழுத்தினால் அதே குழி.

கத்திரி வெயில். வேலூர்.
நான் மின்விசிறியை நிறுத்துகிறேன்.
காற்றடித்தால் வெட்டு பறந்துவிடும்.
மெழுகு இளகாமலிருக்க ஐஸ்மேல் வைத்து,
எடுத்து, மூச்சை அடக்கி, கைப்பிடியைச் சுற்றுகிறேன்.
வெங்காயத் தோலைவிட மெல்லிசாக
ரிப்பன் ரிப்பனாக இறங்குகிறது ஒரு பெண்ணின் உள்.
வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்துகிறேன்.

குளோமருலஸ் என்று புத்தகத்தில்.
எங்கள் அறையில் முடிச்சு.
முடிச்சுக்கு முடிச்சு புத்தி வேறு.
வெள்ளிச் சாயத்தில் சுவரெங்கும்
சீப்புப்பல் முளைத்திருந்தால் அது ஒரு நோய்.
இருட்டறையில் நடுத்தண்டு மட்டும்
பச்சையாய் எரிந்தால் அது இன்னொன்று,
தொண்டை கட்டும்போதெல்லாம் ரத்தமாய்ப் போகும்.
சிரங்கு ஆறிய பிள்ளைக்கோ
யாரோ உப்பை இறைத்ததுபோலப் புள்ளி புள்ளியாய்.
சர்க்கரைக்காரர்களுடையது உருண்டை கட்டியிருக்கும்,
அதற்கு டாக்டரே தேவையில்லை.

பிறை என்று ஒன்று உண்டு.
பேரணாம்பட்டில் பிறை தெரிந்தால்
தெரு முழுக்கப் பிரியாணி வாசம்.
இங்கே முடிச்சுக்குள் பிறை தெரிந்தால்
சுகிர்தா டாக்டர் லிஃப்டுக்கு நிற்கமாட்டார்.
மூன்று மாடி, படியில், செருப்புச் சத்தம்.

மைமூனாவிடம் பிறை இல்லை.
பச்சை இல்லை, பல் இல்லை, புள்ளி இல்லை.
பதினொரு முடிச்சும்
அப்போதுதான் கழுவிக் கவிழ்த்த கிண்ணங்கள்.
டாக்டர் கண்ணை எடுத்துவிட்டுச் சொன்னார்,
‘ஒன்றுமில்லை.’
ஒன்றுமில்லை என்பதும் ஒரு நோய்தான்,
இருப்பதிலேயே நல்ல நோய்.
மாத்திரைக்கு மடங்கும். வீக்கம் வடியும்.
ப்ளஸ்-டூ எழுதலாம்.

ஆனால் ஒன்றுமில்லை மாதிரியே
வேடம் போடுகிற ஒன்று உண்டு.
எல்லா முடிச்சையும் விட்டுவிட்டு
ஆழத்தில் ஏதோ ஒன்றில், அதிலும் ஒரு மூலையில்
தழும்பாகத் தொடங்கும்.
மின்நுண்ணோக்கியும் காட்டிக்கொடுக்காது,
காலூன்றும் செல்கள் இரண்டிலுமே
காலிழந்து கிடக்கும்.
பதினொன்றில் இல்லாதது பன்னிரண்டில் இருக்கலாம்.
பன்னிரண்டு ஊசியில் வராமலே போயிருக்கலாம்.

‘இன்னும் இறக்கு, ஹெப்சிபா,’ என்றார்.

பதினெட்டு. பத்தொன்பது.
வியர்வை மூக்குநுனியில் நிற்கிறது, துடைக்கக் கையில்லை.
இருபது. கரண்ட் போய் வந்தது.
இருபத்து இரண்டில் ஓரத்தில் ஒரு நிழல்.
இருபத்து மூன்றில்
பன்னிரண்டாவது முடிச்சு.
ஒரு மூலை மட்டும் இறுகி, இளஞ்சிவப்பாய்,
சுவரோடு ஒட்டிக்கொண்டு.

நான் படிக்கிறவள் இல்லை, வெட்டுகிறவள்.
கையெழுத்து என்னுடையதாகாது.
ஆனாலும் அந்தக் கண்ணாடித் துண்டைத்
தட்டில் கடைசியாக வைத்தேன்.
டாக்டர் தாமதமாகத்தான் வந்தார்.
வெகுநேரம் குனிந்திருந்தார்.
முதலில் அதே மாத்திரைதான்.
வாரமாக இருந்தது மாதமாகும்.
கேட்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

காந்தி ரோட்டில் ஏதோ ஒரு லாட்ஜில்
அவளுடைய வாப்பா வாடகை கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.
நான் அவளைப் பார்த்ததில்லை,
பார்க்கப் போவதுமில்லை.
தழும்பைக் கண்டதில் எனக்கு
ஒரு சின்ன மகிழ்ச்சி இருந்தது.
அதை யாரிடமும் சொல்லவில்லை.

மின்விசிறியைப் போடுகிறேன்.
மெழுகுத்தூள் அறையெங்கும் எழுந்து அடங்குகிறது.
கட்டியில் இன்னும் நாலு வெட்டுக்குச் சதை மிச்சம்.
அதைத் தொடாமல் எண் ஒட்டி இழுப்பறையில் வைக்கிறேன்.
பின்னொரு நாள் யாராவது
வேறொரு கேள்வியோடு வரக்கூடும்.