விடியலுக்குள் திருப்பித் தரவேண்டியது

ஸ்ட்ராத்ஃபீல்டில் ஜூலைக் குளிர்.
பழைய மரச்சாமான் திருத்தும் என் கொட்டிலுக்கு
ஓக் யுன்-ஹீ கொண்டுவந்த கொரியப் பெட்டி
கீல் கழன்று, ஒரு கால் நொண்டி.
உள்ளே ஒட்டிய தாளை ஈரப்பஞ்சால் உரிக்கிறேன்.
தாளுக்குக் கீழே தாள்.
அதற்கும் கீழே கறுப்பு மையில்
மேலிருந்து இறங்கும் எழுத்து.

யுன்-ஹீ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
தொடாமல் தொட்டுப் படிக்கிறாள்.
பரீட்சைத் தாள். தோற்றவனுடையது.
தோற்ற தாள்களை எறிவதில்லையாம் அக்காலத்தில்.
வடக்கு எல்லைக் காவலரின் பனிக்கால உடுப்புக்குள்
பஞ்சுக்குப் பதிலாக வைத்துத் தைப்பார்களாம்.
மிஞ்சியது சுவருக்கு. பெட்டிக்கு.

அடித்தட்டில் இன்னொன்று,
நூலால் தைத்த கைப்பிரதி.
முதல் பக்கங்களில் எழுத்து சம்மணமிட்டு இருக்கிறது.
போகப் போகச் சாய்கிறது,
எழுந்து ஓடுகிறது,
'நல்லாட்சி தொடங்கும் இடம்' என்ற சொல்லோடு
நின்றுவிடுகிறது.
ஓரத்தில் பொடியாக ஒரு வரி:
இரவல் தந்தவரின் ஆள் வாசலில் நிற்கிறான்.

தலைநகரில் அலமாரி உள்ள வீட்டுப் பிள்ளை
மறந்தால் மறுபடி புரட்டுவான்.
மலைக்கு அப்பால் இருப்பவனுக்கு
மனசுதான் அலமாரி,
அதில் கறையானும் உண்டு.

எனக்குத் தெரியும் அந்த வாசல்.
மட்டக்களப்பில் மூன்று பேருக்கு ஒரு பௌதிகப் புத்தகம்.
சவர அலகால் மூன்றாகப் பிளந்து
கிழமைக்கு ஒரு துண்டாகச் சுற்றில் விட்டோம்.
மின்னியல் என் கைக்கு வரவேண்டிய கிழமை
அருளப்பு காய்ச்சலில் கிடந்தான்.
துண்டும் அவனோடு கிடந்தது.
வினாத்தாளில் நாற்பது புள்ளி மின்னியல்.
அருளப்பு இப்போது பொறியியலாளன்.
அவன்மேல் எனக்குக் கோபமில்லை
என்றுதான் சொல்லி வருகிறேன்.

எதிர்ப்புறம் டியூஷன் நிலையம் விடுகிறது.
தன்னைவிடப் பெரிய புத்தகப் பையோடு
ஒரு சிறுமி நடைபாதையில் குந்தியிருந்து
ரொட்டி தின்கிறாள்,
பையைத் திறக்கவேயில்லை.

"புதுத்தாள் ஒட்டவா?"
யுன்-ஹீ நெடுநேரம் பேசவில்லை.
"தோற்றவன் அப்படியே இருக்கட்டும்.
கால் மட்டும் நொண்டக் கூடாது."

ரசீது எழுதினேன்: ஒரு கால், ஒரு கீல்.
பிறகு, அவள் போனதும்,
நின்றுபோன அந்த வரியை
என் கணக்குக் கொப்பியில்
பார்த்துப் பார்த்து வரைந்தேன்.
ஓர் எழுத்தும் தெரியாது எனக்கு.
நாளை காலை பத்து மணிக்கு
பெட்டியை எடுக்க ஆள் வரும்.