முதுகுகள்

முப்பத்தொன்பது நாளாக
நான் பார்த்தது ஐரோப்பாவை அல்ல,
நின்கேயின் முதுகை.
காலையில் வெறும் நீலச் சட்டை,
மாலைக்குள் தோள்பட்டைக்குக் கீழே உப்புப் பூத்து
ஏதோ தீவின் கரையோரம்.
மேடு வந்தால் வலப்பக்கம் சாயும் இடுப்பு.
அவள் முகத்தை இரவில்தான் சந்திப்பேன்,
அடுப்பின் நீலச் சுடரில்.
தூரத்து உறவுபோல அது
கொஞ்சம் கூச்சத்தோடு சிரிக்கும்.

நாங்கள் ஃப்ரீஸ்லாந்துக்காரர்கள்.
எங்கள் ஊரில் உயரமானவை மூன்று:
கடலைத் தடுக்கும் கரை,
தேவாலயக் கோபுரம்,
வீபே.
ஆறடி நாலங்குலம்.
"நீ முன்னால் போ, காற்றுக்குச் சுவர் வேண்டும்"
என்றோம் ஹார்லிங்கனில், விளையாட்டாக.
ரெகன்ஸ்பர்கில் அது பழக்கம்.
புடாபெஸ்டில் சட்டம்.
அவனுக்குப் பின்னால் ரின்சே,
அப்புறம் நின்கே, கடைசியில் நான்.

செர்பியாவில் கோஷவா வந்தது.
காற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே என்று
முதல் நாள் சிரித்தோம்.
சோளக்காட்டைச் சீப்பால் வாருவதுபோல் வாரி
எங்களை மட்டும் சிக்கென்று
பிய்த்து எறியப் பார்த்தது.
கோலுபாட்ஸ் கோட்டை கண்ணுக்குத் தெரிந்தபின்
கைக்கு எட்ட நாலு மணி நேரம்.
ரின்சே பாட்டை நிறுத்தினான்.
நின்கே, வைவதற்காகவே
கடவுளை நம்பத் தொடங்கினாள்.
வீபே ஒன்றும் சொல்லவில்லை.
குனிந்த தலை, திரும்பாத கழுத்து.
அவன் சக்கரத்துக்குப் பின்னால்
ஒரு முழ அகலத்தில் மூடிய அறைபோல அமைதி.
அதில் மூவரும் குடியிருந்தோம்.
வாடகை என்று யாரும் கேட்கவில்லை.

அணையைத் தாண்டி ருமேனியா.
ட்ரோபெட்டா ரயில் நிலையத்தில்
வீபே காப்பி வாங்கி வந்தான்.
மூன்று கோப்பை.
நாங்கள் எண்ணவில்லை.

"எனக்குப் போதும்."

முழங்காலா? இல்லை.
வீட்டில் ஏதாவது? இல்லை.
"இன்னும் ஆயிரம்கூடக் கிடையாதுடா," ரின்சே.
"தெரியும்."
ரயில் வந்தபோது என் வண்டியைச் சுற்றி நடந்து,
சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துச் சொன்னான்:
"உன் பின்பை மஞ்சளா?
இன்றைக்குத்தான் கவனிக்கிறேன்."

அதற்கப்புறம் முறை வைத்து முன்னால் போனோம்.
எதிரே யாருமில்லாத சாலை
எனக்கு நீச்சல் தெரியாத நீர்போல இருந்தது.
எதை வைத்து வேகத்தை அளப்பது?
பின்னால் இருக்கிறார்களா இல்லையா?
சங்கிலிச் சத்தம் என்னுடையதா அவர்களுடையதா?

ருமேனிய மொழியில் நாங்கள் முன்கூட்டியே
படித்து வைத்திருந்த எண் ஒன்றே ஒன்று:
பாத்ரு. நாலு.
ரொட்டிக்கடையில் வாய் அதையே சொன்னது.
நாலு வந்தது.
மிச்சத்தை, ஊருக்கு ஊர்
குதிகாலைக் குறிவைத்துத் துரத்திய நாய்களுக்கு.
அவை பிடித்துவிட்டால் என்ன செய்வதென்று
அவற்றுக்கும் தெரியவில்லை.

கொராபியாவுக்கு முன் ரின்சேக்குப் பஞ்சர்.
ட்யூப் இருந்தது, ஒட்டு இருந்தது.
பம்பு இல்லை.
பம்பு வீபேயின் பையில்
ஃப்ரீஸ்லாந்து போய்க்கொண்டிருந்தது.
அரை மணி நேரம் அவனைத் திட்டினோம்,
மனதார, ஆசை தீர.
அவன் போனதற்கும் சேர்த்துத் திட்ட
அதுவரை எங்களிடம் காரணம் இருக்கவில்லை.
இலாரியே என்ற டிராக்டர் மெக்கானிக்
ஒரே நொடியில் காற்றடித்துவிட்டு
காசு வேண்டாமென்று கை ஆட்டினார்.

துல்ச்சாவோடு சாலை முடிகிறது.
சுலினாவுக்குப் படகுதான்.
மூவாயிரத்துச் சொச்சம் மிதித்து
கடைசியில் கடலுக்கு
பெஞ்சில் உட்கார்ந்தபடி போய்ச் சேர்ந்தோம்.
பெஞ்சுக்கு அடியில் கால்கள் மட்டும்
நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தன.

கருங்கடல் கறுப்பாக இல்லை.
நின்கேதான் சொன்னாள்:
"முகம் வேண்டாம். திரும்பி நில்லுங்கள்."
ஒரு மீன்காரர் படம் எடுத்தார்.
சாய்வாக. ஓரத்தில் அவர் கட்டைவிரல்.
மூன்று முதுகுகள், கொஞ்சம் கடல்.
அனுப்பினோம்.

இரவு பத்து மணிக்குமேல்
வீபேயிடமிருந்து பதில் வந்தது:

"இதில் யார் யார்?"