ஒரு மில்லிமீட்டர்

அயர்லாந்திலிருந்து வந்த பொட்டலத்தில்
எட்டு ஜோடிச் சக்கரம்,
தேயிலை டப்பாவுக்குள் பஞ்சு சுற்றி.
கூடவே ஃபின்டன் கிறுக்கிய துண்டுச்சீட்டு:
எங்கள் தண்டவாளம் ஐந்தடி மூன்றங்குலம்
உங்களது ஐந்தடி ஆறு.
பொம்மை அளவுக்குக் குறுக்கினால்
எனக்கு இருபத்தொன்று, உனக்கு இருபத்திரண்டு.
மீதி ஒரு மில்லிமீட்டரை
நீதான் கண்டுபிடிக்க வேண்டும்.

வீரப்பன்சத்திரத்தில்
பகலெல்லாம் விசைத்தறிக்குப் பல்சக்கரம் கடையும் லேத்தில்
ராத்திரி ஒன்பதுக்கு மேல் தேடினேன்.
புது அச்சு, சில்வர் ஸ்டீல்.
இந்தப் பக்கம் அரை
அந்தப் பக்கம் அரை.
மூன்று அச்சு பாழ்.
நாலாவது, விரலால் சுண்டியதும்
நிற்க மனசில்லாமல் சுற்றியது.

ஆறடி ப்ளைவுட் பலகை மேல்
ஈரோடு ஷெட்.
தண்ணீர்க் கம்பம், தீர்ந்துபோன ரீஃபில்.
கரிமேடு, இஸ்திரி வண்டிக்காரரிடம் வாங்கி இடித்தது.
எஞ்சினைத் திருப்பும் வட்ட மேடை
அம்மா இன்னமும் தேடிக்கொண்டிருக்கும் தோசைக்கல்.

ஃபின்டனின் ஸ்டேஷனில் எப்போதும் மழை.
பிளாட்பாரத்தில் வார்னிஷ் பூசியே
ஈரத்தைக் கொண்டுவந்திருந்தான்.
படத்தைப் பார்த்துவிட்டு யோசித்தேன்,
சித்திரை வெயிலை எந்த டப்பாவிலிருந்து பூசுவது?

அவனுடைய கேள்வி வேறு:
உங்கள் ஊர்க் கரிப்புகைக்கு என்ன வாசம்?

டீசல் வந்தபோது எனக்கு ஐந்து வயது.
கையில் இருப்பது ஒரே ஒரு ராத்திரி.
நெருப்பறைக் கதவு திறக்க
ஃபயர்மேன் சென்னியப்பனின் முகத்தில் பாதி சிவப்பு.
நான் பார்த்ததா
போட்டோவைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டதா?
ஆனால் போட்டோ கறுப்பு வெள்ளை.
அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது?

ஒரு ஞாயிறு மத்தியானம்
அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தாள்.
ஷெட்டைப் பார்க்கவில்லை.
மூன்று வாரம் ஆணி ஆணியாக வைத்த எஞ்சினைப் பார்க்கவில்லை.
தோசைக்கல்லைக்கூடப் பார்க்கவில்லை, நல்லவேளை.

'கொல்லம்பாளையம் லைன் வீடுங்களாடா இது?
நெம்பச் சுத்தமா இருக்குது.
பொடக்காலில துணிக்கொடி எங்க?'

நான் கட்டவில்லை.
எந்த வரைபடத்திலும் அது இல்லை.

'வெள்ள வேட்டியத் தொவச்சுப் போட்டாப் போதும்
எங்கிருந்தோ மோப்பம் புடிச்சாப்புல ஒரு எஞ்சின் வந்து நிக்கும்.
எடுத்து ஒதறினா எள்ளு எள்ளாக் கரி.
மறுக்காத் தொவைக்கோணும், இருக்கறது ரெண்டு கொடம் தண்ணி.
காத்து மாறும், காத்து மாறும்பாரு உங்கப்பன்.
அந்தச் சனியன் அவரு எடது காதைத் தின்னுபோட்டுத்தான்
பழைய இரும்புக்குப் போச்சு.'

அதனால்தான் போலிருக்கிறது.
விளக்கேற்றிவிட்டு அப்பாவிடம் பேசும்போது
இன்றைக்கும் அவள்
படத்துக்கு வலப்பக்கமாக நகர்ந்துகொள்கிறாள்.

எரிந்துபோன மோட்டாரிலிருந்து
மயிரிழைச் செம்புக்கம்பி உருவினேன்.
மருந்துக்கடை காஸ் துணியில் நாலு வேட்டி
ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம்.
ஊசிமுனையால் கரி தொட்டு
வேட்டிக்கு ஐந்தாறு பொட்டு வைத்துக் காட்டினேன்.

'பத்தாது.'

வைத்தேன்.

'பத்தாதுங்கறேன்,
எந்தூர் எஞ்சின்டா உன்னுது?'

ஊசியைப் பிடுங்கிக்கொண்டாள்.
அப்புறம் அரைமணி நேரம்
மூச்சையும் அளந்து விட்டபடி
ஒவ்வொரு வேட்டியிலும் அவளே கரி விழுந்தாள்.
புகை வரும் திசை அவள் கைக்குத் தெரிந்திருந்தது.
ஷெட்டைப் பார்த்த ஓரத்தில் அடர்த்தி,
போகப்போகக் கலைசல்.

எட்டு ஜோடிச் சக்கரமும் தண்டவாளத்தில் தயாராக நின்றன.
ஸ்விட்சில் கை வைத்தேன்.

'இப்ப ஓட்டீராத,' என்றாள்.
'துணி காயட்டும்.'