கழித்தல் குறி

ஒரு கிராம் போதும்.
கன்வேயரில் பகலும் இரவும் டன் டன்னாக ஓடுவதில்
முனிரத்தினம் உறையில் அள்ளி வருவது ஒரு பிடி.
அதை அரைத்து, சலித்து, வில்லையாக அழுத்தி
தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்துகிறேன்,
என் மூச்சும் எடையில் ஏறிவிடக் கூடாதென்று.

எஃகுக் குண்டுக்குள் வில்லையை வைத்து
ஆக்சிஜனைத் திணித்து
அளந்து ஊற்றிய தண்ணீரில் இறக்கி
பொத்தானை அமுக்கினால்
சத்தமில்லை, புகையில்லை,
தண்ணீர் மட்டும்
ஒன்றரை டிகிரி சூடாகிறது.
எந்தக் காட்டிலோ எந்த மரமோ
பல கோடி ஆண்டுகளுக்கு முன் குடித்த வெயில்
இப்போது எண்ணூரில்
புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்.

"கரி உடையுது, அதான் சூடு வருது,
கரெக்டாக்கா?"
இல்லை, முனிரத்தினம்.
உடைக்க நாம்தான் கொடுக்க வேண்டும்.
பழைய பிணைப்பு எதுவும் சும்மா விடாது.
பிரிந்த கார்பன் ஆக்சிஜனைக் கட்டிக்கொள்ளும்போதுதான் வரவு.
வரவு மிஞ்சினால் தீ.

அவன் யோசித்தான்.
கழுத்தில் ஈரத்துண்டு;
அது காய்வதற்கு அவன் சூட்டைத்தான்
வாங்கிக்கொண்டிருந்தது.
"அப்போ எங்க வூட்ல தினம் தட்டு உடையுதே,
அது இன்னா கணக்கு?"
செலவு, என்றேன்.

இன்னும் இது என்தால்பி ஆகவில்லை.
குண்டுக்குள் இடம் கூடாது, குறையாது.
திறந்த வெளியில் எரிவதற்கு
வானத்தைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லும் வேலையும் உண்டு.
அந்தத் திருத்தத்தையும் சேர்த்த பிறகே
மாறாத அழுத்தத்தில் வந்துபோன வெப்பம் என்று எழுதலாம்.
மாறாத அழுத்தம் என்றால் என்னவென்று
மாதம் மூன்று குழுவுக்குத் தவணை கட்டும்
எர்ணாவூர்க்காரிக்கு
யாரும் வரைபடம் போட்டுக் காட்டத் தேவையில்லை.

வேலைக்குச் சேர்ந்த வாரம்
தண்ணீர் சூடானது என்பதால்
கூட்டல் குறி போட்டேன்.
அதிகாரி சிவப்பு மையில் வட்டமிட்டார்:
"இழந்தது கரி. கரி பக்கம் நின்னு எழுதும்மா."
அன்றிலிருந்து கரியின் பக்கம் நிற்கிறேன்.
எந்தச் சுரங்கம், எந்தக் கப்பல்,
எந்தத் துறைமுகத்தில் எத்தனை நாள் நனைந்தது,
வழி கணக்கில் வராது;
தொடக்கமும் முடிவும் போதும்.
கரி ஒருபுறம்.
மீதி எல்லாவற்றுக்கும்
குண்டு, தண்ணீர், வெப்பமானி, நான்,
சன்னலுக்கு வெளியே புகைபோக்கி, அதற்கப்பால் உலகம்,
பாடப்புத்தகத்தில் ஒரே பெயர்:
சூழல்.

ஷிஃப்ட் முடிந்து
கொசஸ்தலை ஆற்றோரம் இறங்கினேன்.
நாத்தனார் தேசம்மாள் இடுப்பளவு நீரில்
சேற்றைக் கையால் துழாவிக்கொண்டிருந்தாள்.
பனையோலைப் பறியைப் பல்லில் கடித்திருந்ததால்
கண்ணால்தான் பேசினாள்.
ஆலையிலிருந்து வெளியேறும் நீர்
கொஞ்ச தூரம் ஆவியோடே வந்து
ஆற்றில் கலக்கிறது.
அவள் பாதத்தின் கீழே
மண்ணில்லை, சாம்பல்;
அமுங்கி, விரலிடுக்கில் பிதுங்கும்.

பையில் வெப்பமானி இருந்தது.
கொண்டு வரக் கூடாதுதான்.
அவள் பக்கத்தில் அமிழ்த்திப் பிடித்தேன்.
பாதரசம் ஏறியது,
நின்றது,
கொஞ்சம் யோசித்து
இன்னும் ஏறியது.

எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் இல்லை.
இருந்திருந்தால்,
அவள் பக்கம் நின்று எழுதினால்,
இது கூட்டல்.

பறியைக் கரையில் வைத்தாள்.
எண்ணிப் பார்க்கத் தேவையில்லாத அளவு இறால்.
"இன்னா கொடி, ஆத்துக்கு ஜொரமா?"
என் கையிலிருந்து வாங்கி
வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்த்த பழக்கத்தில்
மணிக்கட்டைச் சுண்டி
இரண்டு முறை உதறினாள்.

இது உதறினால் இறங்கும் வகை அல்ல.