முப்பது மீட்டர்

கணினி காட்டும் ஏரியில் தண்ணீர் இல்லை.
சதுரங்கள் இருக்கின்றன,
ஒவ்வொன்றும் முப்பது மீட்டர்.
கலியவரதன் கரும்பு, மோட்டார் கொட்டகை,
இரண்டு பனை, ஒரு பிள்ளையார்
எல்லாம் சேர்ந்து அங்கே
ஒரே எண்.

கரும்பச்சை என்றால் சத்தைப் பிடித்துக்கொள்ளும் நிலம்.
சிவப்பு என்றால் யூரியாவைக் கைவிட்டுவிடும் நிலம்.
நெல்லிக்குப்பத்துக்கு மேற்கே
சித்தேரிக்குத் தண்ணீர் தரும் பூமி முழுக்கச் சிவப்பு,
நடுவே ஒரே ஒரு பச்சைக் கீற்று.

நாற்பது ஏக்கருக்குத்தான் பணம்.
"பச்சைக்கு வேலி போடுங்க, முடிஞ்சது"
என்றார் செயற்பொறியாளர்,
வடையைப் பாதியில் வைத்துவிட்டு.

மேட்டு முந்திரிக்காடு ஏன் வெளிறிக் கிடக்கிறது?
கெட்ட காடா?
அதற்கு மேலே யாரும் உரம் போடவில்லை, அவ்வளவுதான்.
பந்தியில் இலை போட்டாயிற்று,
சாப்பிட ஆள் வரவில்லை.
வெறும் இலையைப் பார்த்து
சமைக்கத் தெரியாதவள் என்று எழுதுகிறது வரைபடம்.

பச்சைக் கீற்றின் பெருமையில் பாதி
மேலே கொட்டிய மூட்டைகளுடையது.
நாளை கலியவரதன் உரத்தைப் பாதியாகக் குறைத்தால்
அடுத்த கணக்கில் அதுவும் வெளிறும்.
அப்போது வேலியைப் பிடுங்குவோமா?
இதைக் கூட்டத்தில் கேட்டேன்.
தேநீர் வந்தது.

ஐப்பசி அடைமழை மூன்றாம் நாள்
அமலோற்பவமும் நானும்
பாட்டில்களோடு இறங்கினோம்.
பச்சைக் கீற்றில் இடுப்பளவு கோரை,
தாழை மடல், ஒரு செத்த நண்டு.
மழை ஈரம் இருந்தது.
ஓட்டம் இல்லை.

"ரோடு அகலப்படுத்தினப்ப குழாய் பதிச்சாங்க மேடம்,
தண்ணி இப்படி வராது. அப்படிப் போயிடும்."
கலியவரதன் குடையால் காட்டினார்.
மாதிரிக்குச் சரிவு தெரியும்.
குழாய் தெரியாது.

குழாயின் வாயில் பழுப்பு நுரை.
அங்கிருந்து ஏரிக்குப் போகும் வழியில்
டிராக்டர் திரும்ப முடியாத ஒரு மூலை.
திரும்ப முடியாததால் உழவில்லை,
உழாததால் நாணல்.
எட்டு மீட்டர் அகலம் இருக்கும்.
எங்கள் சதுரத்தில் கால்வாசிகூட இல்லை,
சிவப்பில் கரைந்து போயிருந்தது.

நாணலுக்கு மேலே எடுத்த பாட்டிலில் நைட்ரேட் இருபத்திரண்டு.
கீழே எடுத்ததில் ஒன்பது.
இரண்டு பாட்டிலை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது.
கார்த்திகையிலும் வர வேண்டும்,
தையில் மேலுரம் வைத்த மறுவாரமும்.

ஆனாலும் அறிக்கையில் எழுதினேன்:
முதலில் அந்த மூலை.
பிறகு குழாயைத் திறந்து
தண்ணீரைக் கோரைக்குத் திருப்புவது.
முந்திரிக்காட்டுக்கு இப்போது மதிப்பெண் இல்லை,
மனைக்கல் நட்டபின் தெரியும்,
அதுவரை காத்திருக்க வேண்டாம்.
ஓரத்தில் ஒரு பத்தி சேர்த்தேன்: சந்தேகம்.
அதற்கு என்ன நிறம் என்று கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது.

"அந்த மூலைக்கா காசு தருவீங்க?"
கலியவரதனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
"அங்க நான் ஒண்ணுமே செய்யலியே."
செய்யாமல் விட்டதற்கு
என்ன விலை போடுவது என்று
எனக்கும் தெரியவில்லை.
கரும்புத் தோகையிலிருந்து தண்ணீர் சொட்டியது.
அமலோற்பவம் பாட்டிலில் தேதி எழுதப் பார்த்தாள்.
ஈரத்தில் பேனா
பிடிக்கவே இல்லை.